சொல் பேச்சு கேக்காதவன்

எழுந்திரிக்காதப்பா, உக்காரு. நீ சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்க. இசக்கிமுத்து வீடு இதுதான், நான் அவன் அம்மா. நீ ஆனந்தகுமார்தானே? வாசல்ல நிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. எறணாகுளத்துல பாக்ஸிங் போட்டியில நீயும் அவனும் மோதும்போது நானும் அவன் அப்பாவும் முன்னாலதானே உக்காந்திருந்தோம். ஷூவைக் கழத்த வேண்டாம், மட்டாஞ்சேரி மழைக்கு இந்த வீட்டுக்குள்ளயே சேறுதான்.

மன்னிப்பெல்லாம் என்னத்துக்கு? ரிங்குல ஏறினா ரெண்டு பேரும் அடிக்கத்தான் செய்வீங்க. நீ அடிக்கலன்னா அவன் உன்னை அடிச்சிருப்பான். பட்டாளத்துல லீவு கிடைச்சதும் தூத்துக்குடிக்குப் போகாம நேரா இங்க வந்து இறங்கியிருக்கியே, உங்க அம்மா உன்னை நல்லா வளத்திருக்கா. சாயாவைக் குடி.

அவன் வைப்பினுக்குப் போயிருக்கான். அங்க ஒரு மெஸ்ஸுல பார்சல் கட்டுத வேலை. கண்ணு சரியாச்சான்னா கேக்க? இல்லப்பா. இடது கண்ணுல வெளிச்சம் மட்டும் கலங்கலாத் தெரியும்ங்கான். ஆப்பரேஷன் பண்ணிப் பாத்தாச்சு, உள்ள திரை கிழிஞ்சது கிழிஞ்சதுதான்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு. டம்ளர்ல தண்ணி ஊத்தினா பாதி வெளியிலதான் விழுது. நான் பாக்காத மாதிரி திரும்பிக்கிடுவேன். அவனே துடைச்சுட்டுப் போயிருவான்.

எங்க வீட்டுக்காரவிய இப்போ வந்திருவாவ. தோப்பும்படிக்கு மீன் ஏத்தப் பெட்டி ஆட்டோ கொண்டுபோயிருக்காவ. உன்னைக் கண்டா லேசுல விடமாட்டாவ, பாத்துக்கோ. சே, உன் மேல கோபம் ஒண்ணும் இல்ல. உன்கூட உக்காந்து பாக்ஸிங் பேசணும் அவியளுக்கு. சோத்துல கைய வச்சுக்கிட்டே போன்ல உங்க வெயிட்டுக்காரங்க போட்டியா போட்டுப் பாக்காவ. வெயிட்டுன்னா எனக்கு அரிசிச் சாக்குதான் தெரியும். இப்போ அறுபது கிலோவுல யாரு யாரு பெரிய ஆளுன்னு கேளு, மூச்சு விடாமச் சொல்லுவேன், அப்படி ஆக்கி வச்சுட்டாவ.

அந்த ஹரியானாப் பையன் இருக்கான்லா, நெட்டையன். கை நீளம், யாரையும் கிட்ட விடமாட்டான். ஆனா இடது கையால குத்தினதும் வலது கையை இறக்கிருவானாம். அந்த நேரத்துல நம்ம இசக்கி குனிஞ்சு உள்ள போயி விலாவுல குடுத்தா ஆளு தாங்கமாட்டானாம். சரிதானா? நீயும் அப்படித்தான் நினைக்கியா? மணிப்பூர்க்காரன்கிட்டதான் பெரும்பாடாம், அவன் காலு ஒரு இடத்துல நிக்காதுல்லா. முதல் ரவுண்டு நம்ம பிள்ளை தோத்துருவான், அப்புறம் மூலையில மடக்கினா உண்டு, இல்லாட்டா இல்லன்னாவ. ரயில்வேக்காரன் இடது கைக்காரன், அவன்கிட்ட மட்டும் கண்டிப்பா தோத்துருவான்னு சொன்னாவ. மறுநாள் வண்டி எடுக்கப் போனவிய திரும்பி வந்து, இல்லட்டீ, யோசிச்சுப் பாத்தேன், அவனையும் ஜெயிச்சிருவான்ங்காவ. ரிங்குல ஏற முடியாத பிள்ளை யாரை ஜெயிச்சா என்னப்பா? ஆனா அந்தப் பேச்சை நான் எப்படி நிப்பாட்ட?

எங்க சுத்தினாலும் அவிய பேச்சு கடைசியில உன்கிட்ட வந்து நின்னுரும். அன்னிக்கு நான் சொன்னதை மட்டும் கேட்டிருந்தான்னா ஆனந்தகுமாரையும் ஜெயிச்சிருப்பான்ட்டீ. கயித்துல சாஞ்சு மாட்டிக்கிட்டு நின்னான். தள்ளுலே, தள்ளுலேன்னு தொண்டை கிழியக் கத்தினேன். ஒதுங்கிப் போயிருந்தா முடிஞ்சுபோச்சு. பெத்தவன் சொல் பேச்சு கேக்காம நேரா போயி கண்ணைக் குடுத்துட்டு வந்து நிக்கான்னு சொல்லுவாவ. தினமும் இதே பாட்டுதான். அவனை எதிர்ல வச்சுக்கிட்டே பாடுவாவ. அவன் தலை நிமிராம தின்னுட்டு எழுந்து போயிருவான். அப்பனும் பிள்ளையும் சேந்து ஃபோர்ட் கொச்சி கடற்கரையில ஓடினவங்க. இப்போ ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கதில்ல.

உன்னை ஒருநாள் பாத்தாக் கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காவ. அவன் நம்ம தூத்துக்குடிப் பையன், நான் தள்ளுன்னு கத்தினது அவனுக்கு நல்லாப் புரிஞ்சிருக்கும், அவனே சாட்சி சொல்லுவான் பாருன்னு. அதான், அவிய வருமுன்ன உன்கிட்ட ஒண்ணு சொல்லிருதேன்.

இசக்கி இங்கேயே பிறந்த பிள்ளை. பள்ளிக்கூடம் மலையாளம், கூட்டாளியெல்லாம் மலையாளம், தூக்கத்துல பிதற்றினாலும் மலையாளம். வீட்டுல எங்ககூட மட்டும்தான் தமிழ். கிளப்புல கோச் ராமபத்ரன் சார் சின்னதுலேர்ந்து எப்படிச் சொல்லிப் பழக்கினாரு? தல்லடா, தல்லடான்னுதான். தல்லுன்னா இங்க அடிக்கிறதுப்பா. நம்ம ஊருல தள்ளுன்னா ஒதுங்குறது. அந்தக் கூட்டத்துக்குள்ள எந்த எழுத்துன்னு யாருக்குத் தெரியும்? வீட்டுல தள்ளி உக்காருலேன்னா ஒதுங்கி உக்காரத்தான் செய்வான். ரிங்குல ஏறிட்டா அவனுக்கு வேற காது.

அவியளுக்கு மலையாளம் தெரியாதான்னா, நல்லாத் தெரியும். ஆனா பதறிக் கத்தும்போது வாயில வந்தது தமிழ்லா. அது பிள்ளை காதுல வேற மாதிரி விழும்னு அவியளுக்கு இன்னி வரைக்கும் தோணல.

கண்ணுல கட்டோட ஆஸ்பத்திரியில கிடக்கும்போது கேட்டான். அம்மா, அப்பா தல்லுன்னுதானே சொன்னாரு? அதான் அடிக்கப் போனேன். பின்ன ஏன் என்னை ஏசுதாருன்னு. அப்போதான் எனக்கு விஷயமே விளங்குச்சு. என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தான், அவனுக்கும் புரிஞ்சுபோச்சு. அப்பாகிட்ட சொல்லிராதீங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டான். சொன்னா அந்த மனுசன் உயிரோட இருக்க மாட்டாவ. சொல்லாட்டா, சொன்னதைச் செஞ்ச பிள்ளை காலம் பூரா ஏச்சு வாங்கணும். ரெண்டு பேருக்கும் நான்தான் சோறு போடுதேன். நான் எந்தப் பக்கம்ப்பா நிக்க?

ஏன் தலையைக் குனிஞ்சிட்ட? உனக்கும் கேட்டுதா? தள்ளுன்னுதான் கேட்டுதா? அப்போ, பிள்ளை ஒதுங்கிருவான்னு நினைச்சுத்தான் அவ்வளவு வேகமா வீசினியா? அவன்தான் நேரா வந்து விழுந்துட்டானா?

கண்ணைத் துடைப்பா. அந்தா ஆட்டோ சத்தம், அவியதான். கூட்டச் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல அண்ணாச்சின்னு சொல்லிரு. எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொல்லு.

ஏங்க, வாங்க! யாரு வந்திருக்கான்னு பாருங்க!