புதிய மருத்துவமனையைத் திறந்தது குறித்து

தவறுதலாக அல்ல, தெரிந்தேதான். என் பெயரையும் விலாசத்தையும் வாக்குமூலத்தின் மேலே எழுதிவிட்டீர்கள், ஏட்டய்யா. வயது இருபத்தேழு. பிரசவப் பிரிவில் செவிலியர். பிரிவு என்பது மரியாதைக்குச் சொல்வது. பழைய மருத்துவமனையை இடித்ததிலிருந்து அது உர மூட்டை அடுக்கிய தகரக் கொட்டகை. எதிரே இந்தப் புதிய கட்டடம். குழாயில் தண்ணீர், உறை பிரிக்காத கட்டில்கள், வாசலில் பூட்டு, பூட்டுக்கு முன்னால் சிவப்பு ரிப்பன். வட்டாரத் தலைவருக்குத் தேதி ஒழியவில்லை. கல்வெட்டில் அவர் பெயர் பெரிதாக இருந்தது. திறப்புத் தேதிக்கான இடம் மட்டும் வழவழவென்று காலி.

நேற்று மதியம் மழையில் கொட்டகையின் தகடு ஒன்று பறந்தது. மின்சாரம் நின்றது. வலியில் இருந்த பெண், "சிஸ்டர், எனக்கு முன்னாடி உங்க கூரைக்குப் பனிக்குடம் உடைஞ்சிருச்சு" என்றாள். சிரித்தோம். அதன் பிறகு குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்தது, அதன் பிறகு நான் தலைவருக்குப் போன் செய்தேன், அவர், "நீங்களே திறந்துட்டா, அப்புறம் நான் வந்து எதைம்மா திறக்கிறது?" என்று கேட்டார். விளையாட்டுக்கு அல்ல. உண்மையாகவே கவலைப்பட்டார். போனை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு நானும் அவள் மாமியாரும் கட்டிலை மழையில் உருட்டி வந்தோம். காவலாளி, "வேணாம்மா, என் வேலை போயிரும்" என்றார்.

"அப்ப அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கண்ணே."

நின்றார். பூட்டில் சாவி இருந்தது. எப்படி வந்ததென்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம். தலைவருக்கென்று காவலறையில், வெல்வெட் தட்டில், பொன்முலாம் பூசிய கத்தரிக்கோல் ஒன்று காத்திருந்தது. அதை எடுத்து வெட்டிப் பார்த்தேன். மழுங்கல். தொப்புள்கொடிக் கத்தரிக்கோலை ரிப்பனுக்கு வீணாக்க மனமில்லை. கையால் பிய்த்தேன்.

குழந்தை நீலமாக வந்தது. அதன் பிறகு அழுதது. அதன் பிறகு மற்ற நோயாளிகளையும் இங்கே கொண்டுவந்தோம்.

இப்போது நீங்கள், "கதவைத் திறந்தேன்னு மட்டும் போட்டுக்கிறேம்மா, சின்ன கேஸு. எல்லாரையும் கொட்டகைக்கு அனுப்பிட்டா, அவரு முறையா வந்து திறந்து வைப்பாரு. உன் வேலையும் தப்பிக்கும்" என்கிறீர்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் திறந்த கதவை மூடலாம். திறந்து வைத்த மருத்துவமனையை மறுபடி திறந்து வைக்க முடியாது; புகாரில் தலைவரே அப்படித்தான் அழுதிருக்கிறார். ஆகவே, "மருத்துவமனையைத் திறந்து வைத்தேன்" என்று எழுதவும்.

படித்துக் காட்டக் கேட்டேன். அந்த ஒரு சொல் திருத்தப்பட்டது. மற்றவை நடந்தபடியே உள்ளன.

(ஒப்பம்)

பதிவு செய்தவர் குறிப்பு: கையெழுத்திட்ட பின் அவர் வாசலுக்குச் சென்று, மருந்துப் புட்டிகளில் எழுதும் மார்க்கரால் கல்வெட்டின் காலி இடத்தில் நேற்றைய தேதியை எழுதினார். பிறகு பணிக்குத் திரும்பினார்.