பாதி போதும் என்று நான் சொன்ன நாள்

அவையை அழகுற ஆளும் தலைவர் அவர்களே, முழங்கால் வலியிலும் முகம் சுளிக்காமல் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பிள்ளையை மடியில் தூங்கவைத்துவிட்டு என் பேச்சுக்காக விழித்திருக்கும் தாய்மார்களே, ஒலிபெருக்கியை என் உயரத்துக்கு இறக்கித் தந்த உத்தமரே, உங்கள் அனைவருக்கும் அடியேனின் அன்பு வணக்கம்.

பத்தாயிரம் பேர் திரண்டிருக்கும் இப்பேரவையிலே... என்ன அக்கா, சிரிக்கிறீர்கள்? சரி, இருநூறு பேர். நாற்காலிகளையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

எட்டாம் வகுப்பு வரை நான் பள்ளிக்கூடத்தைப் பொறுத்துக்கொண்டேன். அதற்குமேல் பள்ளிக்கூடம் என்னைப் பொறுத்துக்கொள்ளவில்லை. ஆயினும் அரை நொடியில் ஆயிரம் சொல் அடுக்குவேன். அப்படிப்பட்ட என் வாய்க்கே பூட்டுப் போட்டவள், காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் நிதி திரட்டும் பிரிவுக்கு இன்று தலைமை ஏற்கும் என் அக்கா மகள். வீட்டில் அவளைப் பாப்பா என்போம். முப்பத்தாறு வயதிலும் பாப்பாதான்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் இந்த வேலையில் அவள் சேர்ந்தபோது, துணிக்கடை நடத்தும் என் மச்சான், அதாவது அவளைப் பெற்றவர், வானுக்கும் பூமிக்கும் குதித்தார்.

"நம்ம கடைக் கல்லாவுல ராணி மாதிரி உக்காரும்மான்னா, ஊரெல்லாம் போய் கை நீட்டுறேங்கிறியே."

"நான் எனக்காகவாப்பா நீட்டுறேன்? நீங்க துணியைக் காட்டி விலை சொல்றீங்க. நான் ஒரு வேலையைக் காட்டி, அதுக்கு என்ன ஆகும்னு சொல்றேன்."

"என்கிட்ட வாங்கினவன் கையில துணி இருக்கும். உன்கிட்ட குடுத்தவன் கையில என்ன இருக்கும்?"

"கையில ஒண்ணும் இருக்காது. ஒரு பிள்ளை பேசுறதைக் காதால கேக்கலாம்."

மச்சான் விடவில்லை. பள்ளி அவளுக்கு ஆறு மாதம் கெடு வைத்திருந்தது. அதற்குள் பேச்சுப் பயிற்சி அறை கட்டப் பணம் திரட்ட வேண்டும். தவறினால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கல்லா காத்திருக்கிறது என்றார் இவர்.

அந்த அறை எதற்கு என்கிறீர்களா? அதுவரை பிள்ளைகள் பேசக் கற்றது தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில். காதுக் கருவிக்கு ஆசிரியை எது, மோட்டார் எது என்று பிரிக்கத் தெரியாது. ஆசிரியை சொல்லும் சொல்லையும் மோட்டாரின் உறுமலையும் ஒன்றாகப் பெருக்கிப் பிஞ்சுக் காதில் கொட்டும். சத்தம் புகாத ஓர் அறை வேண்டும்.

ஏறினாள், இறங்கினாள், எத்தனையோ படிகள். எங்கே போனாலும் என்ன கேட்டார்கள்? "ஆம்பளைங்க யாரும் வரலையா?" "கல்யாணம் ஆனா விட்டுட்டுப் போயிடுவீங்கள்ல?" இதே கேள்வியை எந்த ஆண்மகனிடமாவது எவராவது கேட்டதுண்டா? கேட்பார்களா?

கெடு முடிய ஐந்தே நாள். ஒரு டைல்ஸ் தொழிற்சாலை முதலாளி தொலைபேசியில் சொன்னார்: "பெரிய தொகைன்னா வீட்டுப் பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்கம்மா."

பெரியவர் யார்? நான்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், கோட்டையைப் பிடிக்கப் புறப்பட்ட தளபதியைப் போலக் கிளம்பினேன். வழியில் பாப்பா சொன்னாள்: "மாமா, நான் தொகையைச் சொன்னதும் நம்ம ரெண்டு பேருமே பேசக் கூடாது. அடுத்த வார்த்தை அவர் வாயிலேருந்துதான் வரணும். நாம முந்தினா, நாமளே குறைச்சுடுவோம்."

"என்கிட்டயா சொல்றே? நான் கல்லு மாதிரி இருப்பேன்."

கண்ணாடி மேசை, சுவரோரம் மாதிரி ஓடுகள், ஒரு கடிகாரம். பாப்பா முழுத் தொகையைச் சொன்னாள். நிறுத்தினாள். முதலாளி பேனாவை உருட்டினார். ஒரு நொடி... மூன்று நொடி... எட்டு நொடி. அவர்களுக்கு எட்டு நொடி, எனக்கு எட்டு யுகம். கல் உருகியது.

"பாதி குடுத்தாலும் போதுங்க ஐயா" என்றேன்.

முதலாளி முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "மாமாவே போதும்னுட்டாரே" என்று காசோலைப் புத்தகத்தை இழுத்தார்.

வேறொருத்தியாக இருந்தால் வந்தவரை லாபம் என்று வாங்கியிருப்பாள். பாப்பா குரலை உயர்த்தவில்லை, தலையைத் தாழ்த்தவுமில்லை.

"பாதி வேண்டாம் சார். சத்தம் புகாத ரூமைப் பாதி கட்டினா, கட்டாத பாதி வழியா எல்லாச் சத்தமும் உள்ள வந்துடும்."

சொல்லிவிட்டு மறுபடியும் மௌனம். இம்முறை உதட்டைக் கடித்துக்கொண்டேன். இரத்தம் ஒரு குடம் போயிருக்கும்.

"அவ்வளவு சத்தமாம்மா?" என்றார் முதலாளி.

"நாளைக்குக் காலைல மோட்டார் ஓடுற நேரத்துக்கு வந்து பாருங்க சார்."

வந்தார். பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார். காதுக் கருவியில் கேட்பதை நாமும் கேட்டுச் சோதிக்கும் குழாயை அவர் காதில் மாட்டினாள் பாப்பா. கால் நிமிடம்கூடத் தாங்கவில்லை, கழற்றிவிட்டார்.

"இதுல எப்படிம்மா இந்தப் புள்ளைங்க பாடம் படிக்குதுங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும். அங்கேயே, அந்தக் குட்டி பெஞ்சிலேயே, முழுத் தொகைக்கும் கையெழுத்துப் போட்டார். வேலை நிலைத்தது. மச்சான் கடையின் கல்லா நாற்காலி காலியாகவே இருந்தது.

வாசலில் விடைபெறும்போது முதலாளி சொன்னார்: "அடுத்த வருஷமும் வாங்கம்மா."

"மாமாவையும் கூட்டிட்டு வரேன் சார்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேணாம்மா. நீங்க மட்டும் வந்தா போதும்."

இதைவிடப் பெரிய பட்டம் எந்தப் பல்கலைக்கழகம் தரும்? அன்று தனியாக நடக்கத் தொடங்கியவளின் பின்னே இன்று ஆறு பெண்கள் அதே வேலையில் நடக்கிறார்கள். கேட்கிறார்கள், கெஞ்சவில்லை. நிமிர்கிறார்கள், முறைக்கவில்லை. கொடுத்தவரே மறுபடி கூப்பிட்டுக் கொடுக்கிறார்.

ஆகவே அப்பாக்களே, அண்ணன்களே, என்னைப் போன்ற மாமன்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று வேண்டுவேன். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நீங்கள் வழிகாட்ட வேண்டாம், வக்காலத்து வாங்க வேண்டாம், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடப் போகவும் வேண்டாம். தன் வேலையின் முழு மதிப்பையும் சொல்லிவிட்டு அவள் நிமிர்ந்து நிற்கும் அந்த எட்டு நொடியில், தயவு செய்து குறுக்கே பேசாதீர்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இவ்வளவு நேரம் என்னைப் பேசவிட்ட உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி; என் பாப்பாவுக்கு என் வாழ்த்து; எல்லோருக்கும் என் வணக்கம்.