ஏழு வாரம்

காலையில் ஐந்தரைக்கு எழுந்தேன். ஆட்டுக்குத் தழை போட்டேன். முகச்சவரம் செய்துகொண்டு, கறுப்பு டீ வைத்துக் குடித்தேன். மிளகுக்கொடி ஏறும் மரங்களில் கிளை கழிக்கும் கொடுவாளைத் தீட்டி, சாக்கில் சுற்றி, சோளக்காட்டில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

சேந்தமங்கலத்தில் மணிவண்ணன் மருந்துக்கடையை அப்போதுதான் திறந்திருந்தார்.

"வாங்க தம்பி. ஊட்ல இப்பச் சொகமுங்களா?"

என் மனைவி அருள்மொழி இறந்து பதினாறு நாள் ஆயிற்று என்று சொல்லிவிட்டுச் சாக்கைப் பிரித்தேன். முதல் வெட்டு தோளில் விழுந்தது. அடுத்ததற்குக் கையைக் குறுக்கே வைத்தார்; இரண்டு விரல்கள் கண்ணாடி மேசைமேல் கிடந்தன. "ஏழு வாரம்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றார். மூன்றாவது கழுத்தில். இருமல் மருந்துக்கு வந்த பெண்ணிடம் இன்று கடை கிடையாது என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வரும்வரை பெஞ்சில் காத்திருந்தேன்.

அவர் செய்த தப்பு இதுதான், ஐயா. கருக்கலைப்பு மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்றார். எத்தனை வாரம் என்று கேட்டார், ஏழு என்றேன். பெண்ணைக் கூட்டிவந்து ஸ்கேன் பார்ப்பதுதான் முறை என்றார். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுப்பாள் என்றேன்.

"மலைக்காரங்க எல்லாத்துக்கும் இதே சாக்குத்தான். ரத்தம் நிக்காமப் போச்சுன்னா தாமசம் பண்ணாம ஆசுபத்திரி போயிருங்க, சாமி" என்று சிரித்தபடி உறையில் போட்டுக் கொடுத்தார்.

ஏழு பொய்யில்லை. நான் கணிதம் படித்தவன். கர்ப்பம் என்று அவள் என்னிடம் சொன்னது ஐப்பசி முதல் தேதி, அன்றிலிருந்து எண்ணினேன். "ஆடிப் பதினெட்டுக்கு அப்பறம் தலைக்கு ஊத்தலீங்க" என்று அவள் மாதவிலக்கு நின்ற நாளைச் சொன்னதை நான் சேர்க்கவில்லை. எங்கள் மலைப் பெண்கள் நோம்பியை வைத்து நாள் சொல்வார்கள். அது துல்லியமான முறை அல்ல.

மாசியில் எனக்கு அரசுத் தேர்வு. பிள்ளை அதற்குப் பிறகு என்று முடிவு செய்திருந்தேன். அவள் மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து பிடிக்க வேண்டியிருந்தது. அதிக நேரம் ஆகவில்லை.

மூன்றாம் நாள் காலையிலிருந்து ரத்தம். நர்ஸ் ஜெசிந்தாவின் குவார்ட்டர்ஸ் எங்கள் மரவள்ளிக் காட்டுக்கு அந்தப் பக்கம்தான். அவரை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும், கேள்விகளும் வரும். கதவைத் தாழிட்டேன். நின்றுவிடும் என்று நினைத்தேன். நாலு மணிக்கு நின்றது.

மணிவண்ணன் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவள் கடைசியாகச் சொன்னதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"ஏனுங்க, நர்சம்மாவக் கூப்புடுங்க. நானேதான் வாங்கித் தின்னேன்னு சொல்லிக்கறேன். உங்க பேரு வராதுங்க."