இறங்காத கை

இரவு ஏழே கால். ஊர் முடிந்து, விளக்குக் கம்பங்களும் முடிந்த பிறகு வருகிற நீளச் சாலை. முன்னால் ஒரு சின்ன கார். பின்னால் வாத்தியங்கள் ஏற்றிய வேன்... வேறு வண்டியே இல்லை.

கரண்ட் வரும்வரை கேளுங்கள். அந்த டார்ச்சைக் கீழே வையுங்கள், முகத்தில் அடிக்காதீர்கள். நெருங்கி உட்கார்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

காரை ஓட்டியது மனைவி. பக்கத்தில் கணவர். எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பியின் அக்கா கணவர்தான் அவர். குழுவில் எல்லோரும் கூப்பிடுவது போல டூப் என்றே வைத்துக்கொள்வோம். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. இரவில், செத்துப்போன ஒரு ராக் பாடகரின் பாட்டுகளை மேடையில் அப்படியே பாடும் வேலை. அதே சுருட்டை முடி, அதே தோல் ஜாக்கெட், அதே கரகரப்பு. அந்தப் பாடகரைக் குழுவில் 'அசல்' என்பார்கள். பெயரைச் சொல்ல அவர்களுக்கே கொஞ்சம் பயம். எனக்கும்தான்.

பதினோரு வருஷம் இன்னொருவர் தொண்டையில் பாடினால் என்ன ஆகும்? அது ஒட்டிக்கொண்டது. கண்ணாடி வாங்க வந்தவரிடம் விலை சொன்னால்கூட அசலின் குரல்தான் வந்தது. வீட்டில் ஏழு மாதப் பெண் குழந்தை. அசலின் குரலில் கொஞ்சினால் சிரிக்கும். எப்போதாவது அப்பாவின் சொந்தக் குரல் வெளியே வந்துவிட்டால்... வீறிட்டு அழும். யாரோ தெரியாத ஆள் தூக்கிவிட்டது போல. மனுஷனுக்கு அது நெஞ்சை அறுத்தது.

"இன்னியோட சரி. வாக்கு குடுத்திருக்கீங்க," என்றாள் மனைவி.

"இன்னியோட சரிம்மா. நாளைலேருந்து அவ என் குரலுக்குப் பழகட்டும்."

"அழுதா?"

"அழட்டும். எத்தனை நாளைக்கு அழுவா?"

அந்தக் கடைசி நிகழ்ச்சிக்குக் கிடைத்த இடம்தான் வம்பு. அசல் கடைசியாகப் பாடிய அதே அரங்கம்.

அசலுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பாட்டின் கடைசி வரியில் இடது கையைத் தூக்குவார். கை மேலே இருக்கும்வரை அந்த வரி சுற்றிச் சுற்றி வரும். அவரோடு சேர்ந்து கூட்டமும் பாடும். கை இறங்கினால்தான் பாட்டு நிற்கும். வாசிப்பவர்களுக்கு ஒரே கட்டளை... முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். அந்த இரவு கை இறங்கவே இல்லை. பத்து நிமிஷம். பதினைந்து நிமிஷம். கூரை அதிரக் கூட்டம் பாடிக்கொண்டிருந்தது. ஆள் எந்தச் சுற்றில் போனார் என்று யாருக்கும் தெரியாது. கையில் போட்டிருந்த இரும்புக் காப்பு, மேலே தொங்கிய கம்பியில் மாட்டி, உடம்பை நிற்க வைத்திருந்தது.

டூப்பின் குழுவும் அந்த வழக்கத்தை விடவில்லை. இவர் எட்டாவது சுற்றில் கையை இறக்குவார். டிரம்ஸ்காரர் ஓங்கி ஓர் அடி அடிப்பார். முடிந்தது, மூட்டை கட்டலாம். பதினோரு வருஷமாக அப்படித்தான்.

அன்றும் தூக்கினார். புகை மெஷினின் தித்திப்பு வாடை. சூடான விளக்கில் தூசி கருகும் வாடை. காதில் மாட்டியிருந்த கருவியில் தாளம் டிக்... டிக்... என்று ஓடியது. ஆறு. ஏழு. எட்டு. கையை இறக்கினார்.

அடி விழவில்லை.

ஒன்பது... பத்து... திரும்பி டிரம்ஸ்காரரைப் பார்த்தார். அவர் டூப்பின் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கிடார்காரரும் அங்கேதான். கூட்டத்தைப் பார்த்தார். ஆயிரம் முகம். எல்லாக் கண்ணும் ஒரே இடத்தில்... அவர் தலைக்கு ஒரு முழம் மேலே.

டூப் குனிந்து தன் இடது கையைப் பார்த்தார். தொடையை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"போதும், நிறுத்துங்க," என்று கத்தினார். ஸ்பீக்கரில் அது வரவில்லை. கடைசி வரிதான் வந்தது, கரகரவென்று. இவர் வாய் பாடவில்லை. காலைத் தூக்கப் பார்த்தார், ஷூ மேடையோடு பிடித்துக்கொண்டிருந்தது. காதில் தாளம் போய், ஒரு மூச்சு கேட்டது. துருவாடை அடித்தது. "இன்னும் ஒரு தடவ," என்றது அந்த மூச்சு.

இருபது. முப்பது. எண்ணுவதை விட்டார். குழந்தை ஞாபகம் வந்தது. அழுகை வந்தது. அழும்போதுதான் கவனித்தார்... பதினோரு வருஷத்துக்குப் பிறகு, தொண்டையிலிருந்து அவருடைய சொந்தக் குரல் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

மேடை ஓரத்தில் நின்ற மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். பொறுக்க முடியாமல் விறுவிறுவென்று மேலே வந்தாள். டூப்புக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "வந்துட்டியாம்மா," என்றார். அவள் நேராக அவரிடம்தான் வந்தாள். பக்கத்தில் நின்று, நுனிக்காலில் எம்பி... அவர் தலைக்கு மேலே இருந்த எதையோ பிடித்துக் கீழே இழுத்தாள்.

டம். அடி விழுந்தது. விளக்கு அணைந்தது. கைத்தட்டல்.

வெளிச்சம் வந்தபோது அவள் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். கைப்பிடித்து யாரையோ கூட்டிக்கொண்டு. அதே ஜாக்கெட். அதே சுருட்டை முடி. முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?" என்று அவள் கேட்பது கேட்டது.

"குளிரும்மா. வீட்டுக்குப் போலாம்."

டூப் கூப்பிட்டார். தொண்டை கிழியக் கூப்பிட்டார். வெளியே கார்க் கதவு இரண்டு தடவை சாத்திக்கொண்டது. டிரம்ஸ்காரர் அவர் எதிரிலேயே உட்கார்ந்து தட்டுகளைக் கழற்றினார். ஒருவர் அவர் காலைச் சுற்றிக் கிடந்த ஒயரைச் சுருட்டினார். விளக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. வேனும் போனது.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான்.

நான் இந்த அரங்கத்தில் ஒலி பார்ப்பவன். ஆமாம்... இதே மேடைதான். எல்லோரும் போன பிறகு, ஒலிக் கருவிகளை அணைப்பதற்கு முன் ஹெட்ஃபோனில் ஒவ்வொரு மைக்காகக் கேட்பது என் வேலை. நடு மைக்கில் ஒருவர் பேசுவார். கரகரப்பே இல்லாத, கூச்சமான குரல். "இரவு ஏழே கால்," என்றுதான் தொடங்கும். முதல் தடவை ஓடிவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். இப்போது முழுசாகக் கேட்கிறேன். கடைசியில் அவருக்கு ஒரே ஒரு கேள்வி.

"குழந்த அழுவுதான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். பதிலும் கிடைத்தது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

எலக்ட்ரீஷியன் தம்பியிடம் சும்மா விசாரிப்பது போலத்தான் விசாரித்தேன். "அத்தானா? நல்லா இருக்காருண்ணா," என்றான். "சொன்னபடி மேடைய விட்டுட்டாரு. தினமும் பாப்பாவ அவர்தான் பாடித் தூங்க வைக்கிறாரு."

"பாப்பா அழுவுதா?"

"அழறதே இல்லண்ணா." கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணுதான்... தூங்கும்போது இடது கைய மேல தூக்கியே வச்சிருக்கு. அக்கா இறக்கி விடுவா. திரும்பவும் தூக்கிடும். விடியற வரைக்கும் அப்படியே நிக்குது, அந்தக் கை."