மேஸ்திரிக்குக் கேட்கவில்லை

பெயர் டேபிதா என்ட்விசில், வயது இருபத்தாறு, மணமாகாதவள், பர்ன்லி நகரம், பாலத்துச் சந்து, நெசவாலையில் தறி ஓட்டும் வேலை. ஜெனட் ஹோவர்த்தின் சாவு குறித்து, 1846 மார்ச்சில், மரண விசாரணை அதிகாரி முன் சொல்வதாவது:

ஜெனட் என் எதிர்த் தறிக்காரி. ஏமஸ் பில்லிங் எங்கள் மேஸ்திரி. செவ்வாய்க்கிழமை காலை, ஓடுகிற தறிக்கு அடியில் பஞ்சுத் தூசியைக் கூட்டும்படி அவர் ஜெனட்டிடம் சொன்னார். நிறுத்திவிட்டுக் கூட்டுகிறேன் என்றாள். அவர் விடவில்லை. அதன் பிறகு அவள் குனிந்து உள்ளே போனாள். அதன் பிறகு அவள் பாவாடையைச் சக்கரம் இழுத்தது.

அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில் நாங்கள் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். "அக்கா, நிறுத்தச் சொல்லுக்கா" என்றது அவள் உதடு. தறியை நிறுத்தும் பிடி மேஸ்திரியின் கையருகே இருந்தது. நான் அவரைப் பார்த்து "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றேன். அவர் என் வாயைப் பார்த்தார். "நாடகம் ஆடாதீங்கடி, இந்தத் துணி முடியட்டும்" என்று உதட்டாலேயே பதில் சொன்னார். அதன் பிறகு நான் வரிசையைச் சுற்றி ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது.

தனக்கு எதுவும் கேட்கவில்லை என்று மேஸ்திரி இங்கே சொல்லியிருக்கிறார். அது பொய்யில்லை. அங்கே கடவுள் கூப்பிட்டாலும் கேட்காது. ஆனால் அவர் தறிக்காரி பெற்ற பிள்ளை, உதட்டைப் படித்தே வளர்ந்தவர். அவரைத் திட்டுவதென்றால் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டுதான் திட்டுவோம்.

தறியில் ஒட்டியிருந்த பாட்டைப் படித்துக்கொண்டிருந்ததால்தான் மாட்டிக்கொண்டாள் என்று சொல்லி, அந்தத் தாளையும் மேஸ்திரி உங்களிடம் கொடுத்திருக்கிறார். ஜெனட்டுக்கு எழுத்து தெரியாது. எங்களைப் போன்ற ஒரு தறிக்காரி எழுதிப் பத்திரிகையில் வந்த பாட்டு அது. ஒட்டியது நான். வரிவரியாக உதட்டால் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அதில் ஜன்னல் திறக்கிற வரி வந்தால் அவள் சிரிப்பாள். "நம்ம ஜன்னல் எப்பக்கா தொறக்கும்?" "மொதலாளி ஆணி அடிச்சு வச்சிருக்கான், பேசாம ஓட்டுடி." அவள் மேல் எனக்கு உயிர்.

இதைச் சொல்கையில் மேஸ்திரி உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். "நாளைக்கு உனக்குத் தறி கிடையாது, உன் தங்கச்சிக்கும் கிடையாது, இந்த ஊர்ல எந்த ஆலையிலயும் கிடையாது" என்று இப்போதுதான் சொன்னார். உங்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குப் பயமாக இருக்கிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதியதை நானே வாசித்துப் பார்த்தேன். அத்தனையும் நடந்தது, நான் சொன்னது.

(ஒப்பம்) டேபிதா என்ட்விசில்