கோபிகாவின் சைக்கிளுக்கு எண்ணெய் பூசுகிறவன்

எங்கள் புங்குடுதீவில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது பாலத்தடி ஒன்றுதான். அதிலேயே எனக்கு மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட நான்தான், பெண்சாதியோடு கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் சைக்கிளில் மலையேறப் போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மச்சான் ஜதுர்சன் ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய இறுக்கமான காற்சட்டையைப் போட்டுக்கொண்டு சங்கக் கடைக்கு முன்னால் நின்று படமும் எடுத்தேன். வயிறு மட்டும் படத்துக்குள் அடங்கவில்லை.

உண்மையில் ஆசைப்பட்டவள் கோபிகா. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ரீச்சர். பெற்றோல் இல்லாத வருசம் சைக்கிளுக்கு மாறியவள், பெற்றோல் வந்த பிறகும் அதைவிட்டு இறங்கவில்லை. சோளகக் காற்று முகத்தில் அடிக்கிற நாளிலும் வேலணைக்கு மிதித்துப் போய் வருவாள். தான் முதலில் மலையேறிப் பார்த்துவிட்டு, அடுத்த வருசம் தன் மாணவிகளைக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவளுடைய கனவு.

சைக்கிள்களைப் பராமரிப்பது என் வேலை. உப்புக் காற்று ஊர், ஒருநாள் கவனிக்காமல் விட்டால் துரு ஏறிவிடும். காலையில் அவள் குளித்து வருவதற்குள் இரண்டையும் துடைத்து எண்ணெய் பூசி நிறுத்திவிடுவேன். அவளுக்கு அதில் கைவைக்கவேண்டிய தேவையே வந்ததில்லை. இப்படியொரு புருசன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்கவேண்டும் என்று பக்கத்து வீட்டு யோகம்மா அக்கா சொல்வார். நானும் மறுத்ததில்லை.

முதல்நாள் புசல்லாவை ஏற்றத்தில் கோபிகா பறந்துவிட்டாள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். வளைவில் காத்திருந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். கொழுந்து பறித்துக்கொண்டு நின்ற பெண்கள் என் காற்சட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். நியாயமான சிரிப்புத்தான், நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

"ஆறுதலா வாங்கோ. எனக்கொரு அவசரமும் இல்லை," என்றாள் கோபிகா.

அதில் ஏளனம் இல்லை. உண்மையான இரக்கம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை எண்ணெய் பூசும்போது, அவளுடைய சைக்கிளின் பின்பிரேக்கில் இருந்த திருகாணியை அரைச் சுற்று இறுக்கினேன். அவ்வளவுதான். ஒருவருடைய கையையும் காலையும் நான் முறிக்கவில்லை. பிரேக் கட்டை சில்லில் இலேசாக உரசிக்கொண்டிருக்கும், மிதிக்கிறவருக்குத்தான் அது பாரம். ஏதோ சத்தம் கேட்கிறதே என்று கேட்டாள்.

"மலைக்குளிருக்குச் சில்லு அப்பிடித்தான் கத்தும். நீர் பயப்பிடாதையும்," என்றேன்.

நாங்கள் இருவரும் இந்தப் பயணத்துக்கு முன் மலையைக் கண்டவர்கள் இல்லை. நான் சொன்னதை அப்படியே நம்பினாள்.

றம்பொடை வளைவுகளில் முதன்முறையாக நான் முன்னுக்குப் போனேன். அப்போதும் பாதித் தூரம் உருட்டித்தான். வளைவுக்கு வளைவு காத்திருந்து தண்ணீர் கொடுத்தேன். "ஆறுதலா வாரும்," என்றேன். அந்தச் சந்தோசத்தை நான் மறைக்கப்போவதில்லை. கடைசியில் அவள் மதகுக் கட்டில் குந்தி, குடித்த தண்ணீரையெல்லாம் சத்தி எடுத்து, அழத் தொடங்கினாள்.

"என்ர நெஞ்சில ஏதோ பிழை இருக்கு. எனக்கு ஏலாது."

அவளை அணைத்துக்கொண்டேன். அது நடிப்பில்லை. அன்றைக்கு வந்தது போல அவள்மேல் எனக்கு அன்பு வந்ததே கிடையாது. மிச்ச மலையை ஒரு மரக்கறி லொறியில் ஏறியிருந்து பார்த்தோம்.

ஊருக்கு வந்ததும் தளர்த்திவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மலையில் ஏலாமல் போனவள் வேலணைத் தெருவில் பறந்தால், ஏன் என்று யோசிக்கத் தொடங்குவாள். யோசித்தால் அவளுக்கு நித்திரை வராது. அவளுடைய நித்திரையை நினைத்து இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். சில்லின் சத்தத்துக்கு இங்கே உப்புக் காற்றைக் காரணம் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் நெஞ்சைச் சோதித்த டொக்டர் ஒரு குறையும் இல்லை என்று சிரித்தார்.

"அவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியேல்லை," என்றாள் வெளியே வந்து.

விளையாட்டுப் பாடத்தை வேறு ஆளிடம் கொடுக்கும்படி அதிபரிடம் தானே கேட்டுக்கொண்டாள். இப்போது கதிரையில் இருந்தபடி சுகாதாரம் படிப்பிக்கிறாள். படியேறும்போது நெஞ்சில் கையை வைத்துக்கொள்கிறாள். நான் மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்குகிறேன். யோகம்மா அக்காவின் மதிப்பில் நான் இன்னும் உயர்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் உருட்டாமல் ஏறிய ஒரே ஏற்றம் அது.

போன கிழமை, தன் சைக்கிளைத் தமக்கையின் மகள் லக்சிகாவுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். நல்ல முடிவு என்றேன். வழமைபோலத் துடைத்து, எண்ணெய் பூசி, திருகாணியை முழுதாகத் தளர்த்திவிட்டேன். சின்னப் பிள்ளை ஓடப்போகிற சைக்கிள். எனக்கும் மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறது.

லக்சிகா ஏறி மிதித்தாள். எதிர்க்காற்று நன்றாகவே அடித்தது. இருந்தும் கடற்கரைத் தெருவின் முடிவுவரை நிற்காமல் போய், ஒரு கையை விட்டு எங்களுக்கு ஆட்டிக் காட்டினாள். கோபிகா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எனக்கு மனசுக்குள்ள சைக்கிளில ஒரு சந்தேகம் இருந்தது," என்றாள். "இண்டைக்கு அதுவும் போட்டுது. சைக்கிளில ஒரு பிழையும் இல்லை. பிழை என்னிலதான்."

நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் பக்கத்தில் நான் இல்லாமல் அவள் தனியாக நின்றிருந்தால் அதை எப்படித் தாங்கியிருப்பாள் என்று நினைக்கவே எனக்கு நடுக்கமாக இருக்கிறது.