பதினைந்து மணி நேரத்தில் வந்தவன்

பந்தலின் நடுவே பாங்காய் வீற்றிருக்கும் ஊர்த் தலைவி எவ்தோக்கியா அம்மையார் அவர்களே! முடிசூட்டி மணம் முடித்த பாதிரியார் தனாசிஸ் அவர்களே! அரைமணி நேரத்தில் அலங்கரித்து வந்த அன்புத் தாய்மார்களே! ஈரத்தலையோடு ஓடிவந்த இளைஞர் பட்டாளமே! மணமக்கள் அனெஸ்டிஸ், லெமோனியா! மாப்பிள்ளையின் சித்தப்பன், எண்ணெய் ஆலையில் அளவு பார்க்கும் பந்தெலிஸ் வணங்குகிறேன்.

“ஆட்டுக்கறி எங்கய்யா?” என்கிறார் பின்வரிசை நண்பர். நாளைக்கு, ஐயா! இன்று ஆலிவும் பாலாடைக்கட்டியும்தான். ஏன்? இந்தக் கணக்குப் புலி போட்ட கணக்கால்!

கிரீடங்களைக் கொண்டுவந்து மணமக்கள் தலையில் மும்முறை மாற்றுபவன் மாப்பிள்ளைத் தோழன். அவனின்றி இங்கே கல்யாணம் உண்டா? பட்டாளத்தில் ஒரே கூடாரத்தில் படுத்தபோதே அனெஸ்டிஸுக்கு வாக்குக் கொடுத்தவன் திமோஸ். இருப்பதோ மெல்பர்ன்! ஏதென்ஸுக்கு ஏறக்குறைய பதினைந்தாயிரம் கிலோமீட்டர். நடுவில் ஒரு நிறுத்தம் சேர்த்து இருபத்திரண்டு மணி நேரப் பயணம். சனி இரவு பத்துக்கு விமானம். இன்று ஞாயிறு மாலை ஆறுக்குத் திருமணம்.

காலையில் காப்பிக்கடையில் விரலை மடக்கினேன். பத்தும் இருபத்திரண்டும். இன்றிரவு எட்டுக்கு இறங்குவான், மூன்று மணி நேர பஸ் பயணம் வேறு! “கல்யாணம் நாளைக்குத்தான்!” என்று முழங்கினேன். ஊரே நம்பியது. அங்கே கடிகாரம் ஏழு மணி நேரம் முந்தி ஓடுவதை நான் நினைத்தேனா? நினைக்கவேயில்லை! அவன் பகல் ஒன்றுக்கே இறங்கிவிட்டான்.

நாலரைக்கு ஊருக்குள் வந்தான். ஊரே பகலுணவு உண்டு உறங்குகிற நேரம். கதவுகள் சாத்தி, கோயில் பூட்டி, குருவியும் இல்லை. ஒத்திவைப்பு அறிவிப்பை ஒட்டப் போன நான் பார்த்தால், பஸ் நிறுத்தத்தில் ஒருவன், மடியில் கிரீடப் பெட்டியோடு அழுகிறான்.

“சித்தப்பா, கல்யாணம் முடிஞ்சிருச்சா? வர்ற வழியில ஒரு நாள தொலைச்சிட்டேன் போல. போனும் செத்துப்போச்சு. இத அவன்கிட்ட குடுத்துருங்க. நான் வந்தேன்னு மட்டும் சொல்லாதீங்க.”

“அட கூறுகெட்டவனே! இன்னிக்கு என்ன கிழமை?”

“திங்கள்தானே?”

“ஞாயிறுடா! தப்பு உன்னோடது இல்ல, என்னோடது!”

பாதிரியாரிடம் ஓடினேன். “இப்பவே மணி அடிங்க சாமி!” என்றேன். “உன் கணக்க நம்பியா?” என்றார். “இல்ல, அவனக் கண்ணால பாருங்க!” என்றேன். பார்த்தார், கயிற்றைப் பிடித்தார். ஆறு மணிக்கு, சொன்ன மணிக்கு, திமோஸின் கையால் கிரீடம் மாறியது!

கடல்களைக் கடந்து வந்தவன், பக்கத்துக் கதவைத் தட்டக் கூசினான். திமோஸ், இனி எந்தக் கதவு சாத்தியிருந்தாலும் தட்டு. தட்டியும் திறக்காவிட்டால் உதை!

வியாழனன்று நீ திரும்புகிறாய். கடைசியாக ஒரு கணக்கு. சிரிக்காதீர்கள், இதைச் சரிபார்த்துவிட்டேன்! பயணச்சீட்டில் உள்ள கடிகார நேரப்படி, இங்கே வர உனக்குப் பதினைந்து மணி நேரம். அங்கே போக இருபத்தொன்பது! அப்படியானால் எது பக்கம்? எது தூரம்? மெல்பர்ன்தான் தூரம், மகனே! வீடு பக்கத்தில்தான் இருக்கிறது. முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் செய்விக்க வேண்டியவனும் நீதான், வந்துவிடு.

பசியோடு பொறுத்த பெருமக்களுக்கு நன்றி. மணமக்கள் நீடு வாழ்க! வணக்கம்.